இரண்டு தரம் என்று சொன்ன வாய்

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வயிற்றுப்போக்கு வந்தவர் யாரும் இரண்டு தரத்துக்கு மேல் போனதாகச் சொன்னதில்லை. விடிய விடிய கக்கூசுக்கும் வீட்டுக்குமாக நடந்தவர்கூட, காலையில் டிஸ்பென்சரி வாசலில் நின்று, "ரெண்டு தரம்தாங்க ஐயா" என்பார். அதைப் பொய் என்று எவரும் நினைப்பதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் பட்டினி கிடப்பவரும் "ஆச்சுங்க" என்று சொல்வதில்லையா, அதைப் போல ஒரு பதில்.

இந்தப் பதில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த வருடம் கீழ் லயத்தில் சீதபேதி பரவியது. ஒரு வீட்டுக்காரி ஒன்பது தரம் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே லயத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கம்பளி, சேலை, பிள்ளைத் துணி எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டு அவித்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் அந்த லயத்துக்காரர் ஒருவரும் பத்து நாள் நிற்கக்கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. "ஒம்பது தரம்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வழி கேட்டபோதுகூட, "ஓ, ஒம்பது தரத்து வீடா? அந்தா, மூணாவது காம்பரா" என்று சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள்.

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

என் பெயர் பிலோமினா. வயது நாற்பத்து மூன்று. கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருக்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இருபது தொட்டில்கள் தொங்கும் அந்த அறைதான் எனக்கு உலகம். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. பெரியவர்களோடு பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும். குழந்தைகளிடம்தான் சரளமாகப் பேசுவேன், அவர்கள் பதில் சொல்லமாட்டார்கள் என்பதால். எழுதிப் பழக்கமும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கொடுத்த கொப்பியில் மீதிப் பக்கங்கள் இருக்கின்றன. அதில்தான் இதை எழுதுகிறேன். ஏன் கொடுத்தார் என்பது பின்னால் வரும்.

நோர்வூட் பக்கம் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒன்று. மழைக் காலம். முதலில் சளி போலப் போயிற்று. பிறகு சளியில் இரத்தக் கோடு. பிறகு இரத்தமே. வயிறு முறுக்கும், ஓடுவேன், கொஞ்சம்தான் போகும், திரும்பி வந்து தொட்டிலை ஒரு தள்ளு தள்ளுவதற்குள் மறுபடி முறுக்கும். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். கேட்கவில்லை.

பயம் எனக்காக மட்டும் இல்லை. இது ஒட்டுகிற பேதியாக இருந்தால் இருபது குழந்தைகளுக்கும் நானே அதைக் கொடுத்துவிடுவேன். ஆனால் வாயைத் திறந்தால் வேலை போகும். வேலையை விட மனமில்லை, குழந்தைகளைத் தொடவும் பயம். கார்போலிக் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். ஒரு பிள்ளையைத் தூக்குவதற்கு முன் ஒரு தரம், இறக்கியபின் ஒரு தரம். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. ஏதாவது ஒரு பிள்ளைக்கு வயிறு இளகினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. என்னால்தான், என்னால்தான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

டிஸ்பென்சரிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஆட்கள்.

"என்ன பிலோமினா?" என்றார் டிஸ்பென்சர் ஐயா.

"வயிறு மந்தமா இருக்குதுங்க ஐயா."

"வெளிய எத்தனை தரம் போவுது?"

"ரெண்டு தரம்ங்க."

அவர் என்ன செய்வார்? வயிறு மந்தம், இரண்டு தரம் என்றால் உப்பு மருந்துதான். குடித்தால் குடலைக் கழுவிவிடும். எங்களுக்கும் அதில்தான் நம்பிக்கை. வயிற்றைக் கழுவினால் பாதி நோய் வருத்தம் போய்விடும் என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் உப்பு மருந்து குடித்தேன். அது போதாதென்று கடைவீதியிலிருந்து விளக்கெண்ணெய் வாங்கிக் குடித்தேன். உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் வெளியே வந்தால் சரியாகிவிடும் என்று, இரத்தம் வந்துகொண்டிருந்த குடலை நானே இரண்டு மாதம் அடித்துக் கழுவினேன்.

ஒருநாள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது என் மகள் ஜெசிந்தா கொழுந்துக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, புல்வெட்டைக் கொந்தரப்பாக, குத்தகைக்கு, எடுத்துச் செய்பவர், மலையிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு ஓடிவந்திருந்தார். என் சேலையைப் பார்த்தார். அதில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா புள்ள?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"என்கிட்டயுமா மறைச்ச?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தோட்டத்து லொறியில் முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலத்தை எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பெரிதுபண்ணிப் பார்த்தார்கள். அமீபா என்று ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாதது, குடலைப் புண்ணாக்கும் என்றார்கள். அது தெரியவில்லை. இருந்தாலும் ஒளிந்திருக்கலாம் என்று அதற்கான ஊசியைப் போட்டார்கள். இரத்தம் நிற்கவில்லை. கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கொட்டகலையில் ரயில் ஏறினோம். வழியில் ஓடவேண்டி வருமே என்று முதல் நாளே தண்ணீர்கூடக் குடிப்பதை நிறுத்திவிட்டேன். அப்படியும் பெட்டியின் ஓரத்தில் இருந்த கக்கூசை விட்டு வெளியே வர முடியவில்லை. சவரிமுத்து அதன் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர் சத்தம் போட்டார்.

"இந்தாய்யா, எந்த ஸ்டேசனுக்குக் காவல் நிக்கிற? வழிய விடு!"

"உள்ள ஆளு இருக்கு."

"வட்டவளையிலயும் ஆளு, நாவலப்பிட்டியிலயும் ஆளா? டிக்கட்டு கக்கூசுக்கா எடுத்தீங்க?"

"ஆமாங்க. அதுக்குத்தான் எடுத்தோம். ரெண்டு டிக்கட்டு" என்றார் என் வீட்டுக்காரர். உள்ளே நான் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைகள் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாளை ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போனால் பயம் கொஞ்சம் குறையும் என்பதால் எழுதுகிறேன். முழங்கையும் முழங்காலும் ஊன்றி மண்டியிடச் சொல்வார்கள். வெளிச்சம் பொருத்திய ஒரு குழாயைப் பின்வழியாகச் செலுத்திக் குடலின் உட்பக்கத்தைப் பார்ப்பார்கள். வலியை விட வெட்கம்தான் பெரிது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். மாலையின் மூன்றாவது மணிக்கு விரல் போவதற்குள் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற வெள்ளை மருந்தை அதே வழியாக உள்ளே விட்டு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குடலின் வடிவம் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம்.

வருத்தத்துக்குப் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்தோல் முழுக்க வெந்து சிவந்து சிறுசிறு புண்ணாகிவிடும் வருத்தம். எனக்கு அதைத் தமிழில் சொன்னவர் எங்கள் வாட்டின் சின்ன டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகளை விட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

"பயப்பிடாதேங்கோ. மஞ்சள் குளிசை தாறம். சல்ஃபா சேர்ந்த மருந்து. கன பேருக்குக் கேக்கும். எத்தினை தரம் போறியள் எண்டதை வைச்சுத்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு பாப்பம்."

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. ஆனாலும் மறுநாள் காலை மிஸ்ஸி, தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம், கணக்கு எழுதும் துண்டோடு வந்து, "கீ பாரக் கியாத?" என்று சிங்களத்தில் கேட்டபோது, எத்தனை தரம் போனாய் என்பது என் காதில் விழுந்த உடனேயே வாய் முந்திக்கொண்டது.

"தெபாரக், மிஸ்ஸி." இரண்டு தரம்.

சொன்ன பிறகுதான் மனம் திடுக்கிட்டது. திருத்தியிருக்கலாம். ஆனால் முப்பது கட்டில் உள்ள வாட்டு. எல்லோரும் கேட்கிறார்கள். பதினாலு என்று சொன்னால் என்னைத் தனியாக ஒரு அறைக்குக் கொண்டுபோய்விடுவார்களோ, தோட்டத்துக்கு எழுதிவிடுவார்களோ, பிள்ளைக் காம்பராவைக் கழுவிப் பூட்டிவிடுவார்களோ. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அவள் கேட்டாள். மறுநாளும் "தெபாரக்". ஒரு தரம் இரண்டு என்று சொன்னபின் மறுநாள் பதினாலு என்று எப்படிச் சொல்வது? இப்படி எட்டு நாள். தலைமாட்டில் தொங்கிய துண்டில் எட்டுக் கட்டத்திலும் இரண்டு, இரண்டு, இரண்டு.

அடுத்த கட்டிலில் பொடி மெனிக்கே என்ற சிங்கள அம்மாள் இருந்தார். தொண்டையில் தேங்காய் அளவு கழலை. அறுவைக்காகக் காத்திருந்தார். தோட்டத்து ஓரக் கிராமத்துக்காரர். சம்பள நாட்களில் லயங்களுக்குப் பலாக்காய் விற்க வந்த பழக்கத்தில் அரைத் தமிழ் பேசுவார். நான் எழுந்திருக்கும்போதெல்லாம் என் கட்டில் கிறீச்சிடும். கக்கூஸ் நடை வராந்தாவின் கோடியில். கால் தள்ளாடுவதைக் கண்டு அவரே எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார். ஒரு நாளில் எத்தனை தரம் என் கூட நடந்தார் என்பது அவருக்குத் தெரியும். காலையில் நான் "தெபாரக்" என்று சொல்லும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

எட்டாம் நாள் பெரிய டாக்டர் துண்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் போலிருக்கிறது. அவர் போன பிறகு சின்ன டாக்டரம்மா மட்டும் திரும்பி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். வயிறு இரண்டு நாளாகக் கூடை கவிழ்த்தது போல உப்பியிருந்தது.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. துண்டில இரண்டு தரம் எண்டு கிடக்கு. நாடி ஓடுற ஓட்டம் வேற கதை சொல்லுது. நிறையும் குறைஞ்சுகொண்டே போகுது. துண்டு சரியெண்டா நீங்கள் வீட்டை போகலாம். நாடி சரியெண்டா போகேலாது. ரெண்டில எது பொய்?"

"துண்டுதாங்க சரி" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் பொடி மெனிக்கே எழுந்து உட்கார்ந்தார்.

"போரு!" என்றார். பொய் என்று வாட்டு முழுவதும் கேட்கச் சொன்னார். "தொஸ்தர நோனா, மே அம்மா போரு கியன்னே! தஹ தொளஹக் யனவா!" பத்துப் பன்னிரண்டு தரம் போகிறாள் என்றார். பிறகு எனக்கும் நன்றாக விளங்க வேண்டும் என்று தமிழுக்கு மாறினார். "அம்மா போறது, வாறது, போறது, வாறது. கட்டில் கிறீச், கிறீச். நான் தூங்க இல்லை. ரெண்டு தரம் என்ன ரெண்டு தரம்! ரெண்டு தரம் போறது நான்!"

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸியும் சிரித்தாள். அந்த நிமிடம் அப்படியே செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறைப்புத் தட்டியை இழுத்துத் தன்னையும் என்னையும் மறைத்தார்.

"இப்ப ஒருத்தரும் இல்லை. உண்மையா எத்தினை?"

வாய் வரவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து பென்சிலும், மேசையிலிருந்து ஒரு கொப்பியும் எடுத்துத் தந்தார்.

"வாயால சொல்ல வெக்கமெண்டா எழுதுங்கோ."

14 என்று எழுதினேன். இலக்கம் கோணலாக விழுந்தது. அதைப் பார்த்த அவர் முகம் மாறியது.

"ஏனம்மா மறைச்சனீங்கள்?"

"புள்ளக் காம்பராவுல சேத்துக்க மாட்டாங்க... புள்ளைங்களுக்கெல்லாம் ஒட்டிருமேன்னு..." அழுகையில் மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை.

"ஆருக்கு ஒட்டும்? இது தொத்துற வருத்தமே இல்லை. கிருமி தேடிப் பாத்து இல்லையெண்டு கண்டுதானே இஞ்ச அனுப்பினவை. உங்களிட்ட இருந்து ஒரு பிள்ளைக்கும் இது போகாது."

மாதக்கணக்கில் கையைக் கழுவிக் கழுவி வெடிக்க வைத்திருந்தேன். இந்த ஒரு வார்த்தையை அன்றே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மாலைக்குள் நிலைமை மாறியது. வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் காற்றடைத்த பலூன் போல வீங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் சில நாள் இப்படியே விட்டிருந்தால், அதுவும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், வெடித்திருக்கும் என்றார்கள். சத்திர சிகிச்சை டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு இங்கிலீசில் பேசினார். சின்ன டாக்டரம்மா எனக்குச் சொன்னார்.

"பிரெட்னிசலோன் எண்டு இன்னொரு மருந்து துவங்கிறம். பலமான மருந்து. வெந்த புண்ணை அடக்கும். அஞ்சு நாள் பாப்பம். கேக்கேல்லை எண்டா பெருங்குடலை வெட்டி எடுக்கவேணும். பிறகு வயித்தில ஒரு துவாரம் வைச்சு, அதில ஒரு பை கட்டிக்கொண்டு இருக்கவேணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"எப்பவும்தான், அம்மா."

பிள்ளைகள் என் மடியில் ஏறுவார்கள். சேலையைப் பிடித்து இழுப்பார்கள். நடக்கப் பழகுகிற பிள்ளை என் இடுப்பைத்தான் முதலில் எட்டிப் பிடிக்கும். அந்த இடத்தில் ஒரு பை. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அதையே யோசித்தேன்.

உடம்பில் இரத்தம் குறைந்திருந்ததால் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து புல்வெட்டுக் கொந்தரப்பு ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் வந்தார். மலைச்சரிவில் அட்டைக்கடிக்கு அஞ்சாத மனிதர், ஊசியைக் கண்டதும் வெலவெலத்துப் போனாராம். கூட வந்தவர் என்னிடம் வந்து சொன்னார்: "அக்கா, அண்ணனுக்குக் குத்துறதுக்கு முந்தியே மயக்கம். இவரு ரத்தம் குடுத்தாரா, இவருக்கு ரத்தம் குடுத்தாங்களான்னு தெரியல."

"ஏண்டா, காலையில சாப்பிடல, அதான்" என்றார் சவரிமுத்து. முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. ஜெசிந்தா கொடுத்தனுப்பிய குழைந்த அரிசிக்கஞ்சியைத் தூக்குச்சட்டியிலிருந்து ஊற்றி ஆற்றித் தந்தார். ரயிலில் நான்கு மணி நேரம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்போது டாக்டரம்மா வந்தார். நான் உப்பு மருந்தும் விளக்கெண்ணெயும் குடித்த கதையை அவரிடம் சொன்னேன். அதையும் எழுதித்தான் காட்டினேன். வாசித்துவிட்டுக் கொப்பியை என் மடியில் வைத்தார்.

"குடல் கழுவுற குழாய் இல்லையம்மா. அது உயிருள்ள தோல். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் கோடிக்கணக்கில இருக்கு. எல்லாம் கெட்ட கிருமி இல்லை. கனக்க நல்லது. சாப்பாடு செமிக்கிறதுக்கு உதவி செய்யும், கெட்டதுகளை அண்டவிடாது. நீங்கள் ஒவ்வொரு கிழமையும் பேதிமருந்து குடிச்சா எல்லாம் அள்ளுண்டு போகும். புண்ணில உப்புப் போட்டுத் தேய்ச்ச மாதிரியும் ஆச்சு."

சவரிமுத்து எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர்களிடம் அவரும் பேசமாட்டார். அன்று பேசினார்.

"சுரண்டி போட்ட மலை மாதிரிங்களாம்மா?"

"என்னது?"

"புல்லு வெட்டுறதுங்க. முந்தியெல்லாம் சுரண்டியால ஒரு புல்லு விடாம வழிச்சு எடுப்போம். மலை துடைச்சு விட்டாப்ல சுத்தமா இருக்கும். தொரை பாத்துட்டு சபாசும்பாரு. மழை வந்தா மண்ணெல்லாம் தண்ணி ஓடுற கான்ல போயிரும். தேயிலை வேரு வெளிய தெரியும். இப்ப சுரண்டியத் தொடாத, கெட்ட புல்ல மட்டும் கையால புடுங்கு, மத்தது மண்ணைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்ங்கிறாங்க."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நான் படிச்சதை விட நல்லாச் சொல்லிப்போட்டியள்" என்றார். உடனே விரலை உயர்த்தினார். "ஆனா ஒண்டு. பேதிமருந்தாலதான் இந்த வருத்தம் வந்தது எண்டு நான் சொல்லேல்லை. ஏன் வருகுது எண்டு எங்களுக்கே தெரியாது. குடலில இருக்கிற உயிர்களுக்கும் உடம்புக்கும் ஏதோ ஒரு பிணக்கு எண்டு சிலர் நினைக்கினம். மனக்கவலை எண்டு சிலர் சொல்லுகினம். தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னா நானும் ரெண்டு தரம் எண்டு சொன்ன மாதிரித்தான்."

முதல் தடவையாக நானும் சிரித்தேன். வயிறு வலித்தது.

ஐந்து நாள் என்றார்கள் அல்லவா, அந்த ஐந்து நாளையும் இந்தக் கொப்பியின் முதல் பக்கங்களில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் போய் வந்ததும் ஒரு கோடு போட வேண்டும். முதல் நாள் பதின்மூன்று கோடு. இரண்டாம் நாளும் பதின்மூன்று. மூன்றாம் நாள் பதினைந்து. அந்தப் பதினைந்தாவது கோட்டைப் போடப் பென்சிலை எடுத்தபோது கை நின்றது. ஒரு கோடு விட்டால் யாருக்குத் தெரியும்? விட்டால் கத்தி தள்ளிப்போகுமே? பொடி மெனிக்கே பக்கத்துக் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மாவுக்கு என்னில கோவமா?" என்றார்.

"இல்லம்மா."

"கோவம் நல்லம். செத்துப்போனா கோவப்பட ஏலாது. போடு."

கோட்டைப் போட்டேன்.

நான்காம் நாள் பதினொன்று. இரத்தம் கறுத்துக் குறைந்திருந்தது. நம்பப் பயந்தேன். ஐந்தாம் நாள் காலை சத்திர சிகிச்சை டாக்டர் வந்தபோது கொப்பியில் ஒன்பது. எனக்கு அந்த இலக்கத்தைப் பார்த்ததும் கீழ் லயத்துக்காரி ஞாபகம்தான் வந்தது. அவர் வயிற்றைத் தட்டினார். பலூன் இறங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். ஆறு. நாலு. கத்தியைப் பற்றிய பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

அதற்கிடையில் பொடி மெனிக்கேயைத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழலையை அறுத்துக் கொண்டுவந்தார்கள். கழுத்து முழுக்கக் கட்டு. சில நாளைக்குப் பேசக்கூடாது. இப்போது நான் அவருக்குத் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

ஒருநாள் காலை அந்தப் பழைய மிஸ்ஸி வந்து கேட்டாள். "கீ பாரக் கியாத?"

"தெபாரக், மிஸ்ஸி" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். இடுப்பில் கை வைத்தாள். எதிர் வரிசையில் மறுபடி சிரிப்பு. நான் பதறிப்போய்க் கொப்பியைத் திறந்து காட்டினேன். இரண்டே கோடு. அப்போதும் அவள் நம்பவில்லை. டாக்டரம்மா வந்தார், அவரும் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அடுத்த கட்டிலைப் பார்த்தார். கழுத்தை அசைக்க முடியாமல் படுத்திருந்த பொடி மெனிக்கே மெதுவாகக் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

டாக்டரம்மா துண்டில் இரண்டு என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வருத்தம் போய்விட்டது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. தூங்குகிறது, செத்துவிடவில்லை என்றுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். மஞ்சள் குளிசை இன்னும் விழுங்குகிறேன். பேதிமருந்து வீட்டுக்குள் வருவதில்லை. பால் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்து, இப்போது நீர்மோர் மட்டும் குடிக்கிறேன். வயிற்றில் ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் கை காலெல்லாம் குளிர்ந்துவிடும். சேலையை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பலமான மருந்தால் முகம் வட்டமாக ஊதியிருந்தது. "ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கிச்சு போல" என்றார்கள். கதை எனக்கு முன்னே தோட்டத்துக்கு வந்துவிட்டது, இரத்தம் கொடுக்க வந்தவர்களோடு. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னால், "பதினாலு வர்றா" என்று யாராவது சொல்வார்கள். ஒன்பது தரத்தைப் பார்த்துச் சிரித்தவளுக்கு அது நியாயம்தான். பெரட்டில் பேர் தர மறுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். தொத்துகிற வருத்தம் இல்லை என்று டாக்டரம்மா எழுதித் தந்த கடிதத்தைத் தோட்டத்துத் துரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைக் காம்பராவின் சாவி திரும்ப என் கைக்கு வந்தது.

போன கிழமை, காலையில் பனி விலகுவதற்கு முன் மாரியாயி வந்தாள். முதல் பிள்ளைக்காரி. கூடை முதுகில், பிள்ளை இடுப்பில். தொட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பப் போனவளை நிறுத்தினேன். பிள்ளையின் கண் குழி விழுந்திருந்தது. வாய் காய்ந்திருந்தது.

"வயிறு போகுதா?"

"ரெண்டு தரம்தான் ஆயாம்மா" என்றாள், தலை குனிந்தபடி.

பாதையில் மற்றப் பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பிந்தினால் பேர் போய்விடும். அது எனக்குத் தெரியாதா? பிள்ளையைத் தூக்கினேன். இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை.

"எனக்குப் பதினாலு" என்றேன். "கேள்விப்பட்டிருப்பியே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே கண் நிறைந்துகொண்டு வந்தது.

"ஏழு, ஆயாம்மா" என்றாள். "விடியறதுக்குள்ள ஏழு."

கூடையை இறக்கி வைக்கச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளை எனக்கு ஒத்தாசையாக இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, அவளோடு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நின்றார்கள். டிஸ்பென்சர் ஐயா கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.